காஜாவின் பெயருக்கு நேரே சிவப்பு

இணைய முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்கிறதா இல்லையா, பார்த்துவிட்டேன், இல்லை, இருக்கவும் கூடாது, அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை, இரண்டும் ஒன்றுதான், இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று மறுபடி அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். "கோமதி, பூட்டு தேஞ்சிரும்" என்பார் என் வீட்டுக்காரர். தேயட்டும். பூட்டு தேய்ந்து யாருக்கும் வேலை போனதில்லை, திறந்து கிடந்தால்தான் போகும். ஏசி நேராக என் கழுத்தில் அடிக்கிறது, வெளியே சரவணம்பட்டி ரோட்டில் ஆடிக் காற்று ஏதோ ஒரு பிளெக்ஸ் போர்டைப் பிய்த்துக்கொண்டிருக்கிற சத்தம், கண்ணாடி வழியாகக்கூடக் கேட்கிறது, தட் தட் என்று. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு மாற்றுகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. சொன்னால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி எங்களுடையது, ரத்தம் எந்தப் பையில் எந்த வகை, யாருக்குப் போக வேண்டும் என்று பார்க்கிற மென்பொருள், அதனால் யாருடைய லேப்டாப்பிலும் கோட், அதாவது நாங்கள் எழுதுகிற நிரல், இருக்கக் கூடாது. ஆளுக்கொரு வேலை அறை கிளவுடில் இருக்கிறது, வொர்க்ஸ்பேஸ் என்போம், காலையில் திறந்து உட்கார்ந்து வேலை செய்துவிட்டு மூடிவிட்டுப் போவார்கள். அந்த அறைகளிலிருந்து கோட் இருக்கிற கிடங்குக்குப் போக இத்தனை நாளும் எல்லாருக்கும் ஒரே சாவி. யார் போனார்கள், எதைத் தொட்டார்கள் என்று சாவிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்கள். கத்தியது நியாயம்தான். இனிமேல் ஒவ்வொருவரும் வெளியே ஓர் இடத்துக்குப் போய், அடையாளம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற இடம் அது, நான் இன்னார்தான் என்று நிரூபித்துவிட்டு வர வேண்டும். அவர்கள் பார்த்து, சரி என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, இங்கே திருப்பி அனுப்புவார்கள். எங்கே திருப்பி அனுப்புவது என்கிற முகவரியை அடித்துக் கொடுத்தது நான். அதில் ஒரே ஓர் எழுத்து பிசகினால் அத்தனை பேரும் போன இடத்திலேயே நிற்பார்கள், வீட்டு நம்பர் தெரியாமல் ஆட்டோவில் வந்து இறங்கிய விருந்தாளி மாதிரி.

சாய்கோடு இல்லை. சரி. பிரசன்னா தன் கண்ணாடி அறையிலிருந்து என்னைப் பார்க்கிறார், எனக்கு மேலே இருக்கிற மேனேஜர், என்னைவிட வயதில் சின்னவர், பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார், அது கேள்வியா உத்தரவா தெரியவில்லை, நானும் தூக்கிக் காட்டுகிறேன். பழைய சாவியை நீக்கும் பொத்தான். அழுத்தினால் திரும்பாது, திரும்பும், ஆனால் எளிதில் திரும்பாது. அழுத்திவிட்டேன். எப்போது அழுத்தினேன் என்றே தெரியவில்லை, விரல் தானாகப் போய்விட்டது, நெஞ்சு மட்டும் பின்னால் வருகிறது. திரையில் எல்லாப் பெயருக்கும் நேரே சாம்பல் நிறப் புள்ளி. பச்சையாக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. முகவரி தப்பு, சாய்கோடு, நான் சொன்னேனே, என்று மறுபடி அந்தப் பக்கத்தைத் திறக்கப் போகிறபோது ஒன்று பச்சையாகிறது, அகிலாண்டேஸ்வரி, சென்னைப் பெண், அவளுக்கு நூறு வயசு, பிறகு இன்னொன்று, பிறகு மளமளவென்று, மழை ஆரம்பிக்கிற மாதிரி. மூச்சு வருகிறது. அகிலா குழுவில் எழுதுகிறாள், ரொம்ப ஈஸியா இருக்கு கோமதிக்கா என்று. ஈஸிதான். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று வரும், அது மறைவதற்குள் உங்கள் ஃபோனில் அதை அடிக்க வேண்டும், அடித்துவிட்டால் நீங்கள் நீங்கள்தான். அவ்வளவுதான். பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு.

காஜா மைதீன். சிவப்பு. பரவாயில்லை, முதல் தடவை யாருக்கும் தவறும். மறுபடி சிவப்பு. எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறான், இல்லை, அடிப்பதற்குள் எண் போய்விட்டிருக்கிறது. மறுபடி. கடையநல்லூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், நான் தென்காசி, அதனால் நாங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். இந்தக் கம்பெனியில் என்னோடு சேர்ந்தே சேர்ந்தவன். ரத்தப் பை பொருந்துகிறதா என்று பார்க்கிற பகுதி முழுக்க அவன் எழுதியது, அதில் கை வைக்க மற்றவர்களுக்குப் பயம். அவனுக்கா இரண்டு இலக்கம் அடிக்க வரவில்லை? மறுபடி சிவப்பு. இது அவன் இல்லை. அவன் பாஸ்வேர்ட் எவன் கையிலோ இருக்கிறது, எவனோ உட்கார்ந்து முட்டிக்கொண்டிருக்கிறான், கதவு மாற்றுகிற நாள் பார்த்து வந்திருக்கிறான், அப்படித்தான் வருவார்கள். இல்லை, வெளியாள் என்றால் ஃபோன் அவனிடம் எப்படி? இந்த முயற்சி கடையநல்லூரிலிருந்துதான் வருகிறது, திரையில் இருக்கிறது. அப்படியானால் அவன் வீட்டிலிருந்துதான். அவன் வீட்டிலிருந்து, ஆனால் அவன் இல்லை. ஏன் அவன் இல்லை என்கிறேன்? ஏன் என்றால் கேமரா. எத்தனை மாதமாக மீட்டிங்கில் அவன் கேமராவைப் போடுவதே இல்லை, நெட் சரியில்லைக்கா என்பான், அவன் முகத்துக்குப் பதில் வட்டத்துக்குள் கா என்று ஓர் எழுத்துதான் இருக்கும். ஏதாவது கேட்டால் பதில் வருவதற்கு முன் ஓர் இடைவெளி விழும். ஒரு தடவை அந்த இடைவெளியில் ஒரு பெண்குரல் கேட்டது, மெதுவாக, எதையோ வாசிக்கிற மாதிரி, நான் டிவி என்று நினைத்தேன். போன வருஷம் வேறொரு குழுவில் ஒருத்தன் தன் வேலையை வெளியே ஒரு பையனிடம் குறைந்த கூலிக்குக் கொடுத்துவிட்டு மூன்று கம்பெனியில் சம்பளம் வாங்கியது தெரிந்து, அன்றைக்கே அனுப்பினார்கள். காஜாவா? சே. ஏன் சே? அவனும் மனுஷன்தானே, வீடு கட்டுகிறான் என்று சொன்னானே.

பிரசன்னாவின் செய்தி திரை ஓரத்தில் குதிக்கிறது. "யாருங்க அது, இத்தன ஃபெயிலியர்? லாக் பண்ணிருங்க." லாக் செய்தால் அது தானாக ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் போகும், சந்தேகத்துக்கிடமான நுழைவு என்று, காஜாவின் பெயரோடு போகும், அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது அதுதான். அந்த விதியை எழுதியதும் நான்தான், பத்துப் பேர் முன்னால் நின்று விளக்கியதும் நான்தான், யாராக இருந்தாலும் என்று சொன்னேன், யாராக இருந்தாலும் என்கிறபோது எனக்குத் தெரிந்த யாருமே அதில் இல்லை. ஒரு நிமிஷம் கொடுங்க, பேசிப் பாக்கறேன் என்று அடிக்கிறேன். ஃபோனை எடுக்கிறேன். மணி அடிக்கிறது. எடுடா. எடுக்கிறார்கள், எடுத்ததும் ஒரு பெண் அவசரமாக, "இருபத்தேழுங்க, இருபத்தேழு, போயிட்டு" என்கிறாள், என்னிடம் இல்லை, பக்கத்தில் யாரிடமோ. பிறகு சட்டென்று நிசப்தம். ஒருவர் வாயை ஒருவர் பொத்துகிற நிசப்தம்.

"காஜா?" என்கிறேன். என் குரல் எனக்கே போலீஸ்காரன் குரல் மாதிரி இருக்கிறது. "கோமதிக்கா" என்கிறான். அவன்தான். அவன் குரல்தான். "யாரு உங்க பக்கத்துல?" "ரஹ்மத், அக்கா. என் வீட்டுக்காரி." "அவங்க எதுக்கு நம்பர வாசிக்காங்க?" ஃபோன் மேஜையில் உரசுகிறது. "காஜா, எனக்கு நேரம் இல்ல, மேனேஜர் லாக் பண்ணச் சொல்லிட்டாரு. உங்க சீட்ல யாரு உக்காந்திருக்கா?" என்று கேட்கிறேன், கேட்கும்போதே எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது, சம்பந்தமே இல்லாமல், அவன் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் கேன்டீன் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டது. நல்ல வெளிச்சத்தில், கதவில் பட்டையாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தும். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். டீ கிளாஸை மேஜை விளிம்புக்கு வெளியே வைத்தான், நேராகக் கீழே போனது, அதற்கும் சிரித்தோம். பைக்கை விற்றுவிட்டு, நடந்தா உடம்புக்கு நல்லதுக்கா என்றான். இருட்டுகிறதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவான், மாப்பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் என்று கேலி செய்தது நான்தானே. "அக்கா" என்கிறான் அவன், "எனக்குக் கண்ணு தெரியலக்கா." சொல்லிவிட்டு, அவன் சொன்னது எனக்கு உறைக்கும் முன்னே, "முழுசா இல்ல" என்று சேர்க்கிறான், கெஞ்சுகிற மாதிரி, கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதற்காவது மதிப்புப் போடு என்கிற மாதிரி. "ஓரத்துல இருந்து சுருங்கிக்கிட்டே வந்துட்டு. நடுவுல ஒரு குழாய் வழியாப் பாக்க மாதிரி இருக்கும், இப்ப அதுவும் புகை. விழித்திரை போகுதாம், மருந்து கிடையாதுன்னுட்டாங்க." பக்கத்திலிருந்து அந்தப் பெண் பேசுகிறாள், அழுகை இல்லை, கோபம் மாதிரி இருக்கிறது. "மேடம், ஃபோன அவங்க விரல் வச்சுத் திறந்து எங்கைக்கு வாரதுக்குள்ள அந்த நம்பர் போயிருது. மத்தபடி நான் டைப் மட்டுந்தான் பண்ணுதேன். ஒரு எழுத்துகூட என்னோடது கிடையாது. அவங்க மனசுல இருந்து சொல்லுவாங்க, அடைப்புக்குறி முதக்கொண்டு சொல்லுவாங்க, நான் அடிப்பேன், அடிச்சத வாசிச்சுக் காட்டுவேன். எனக்கு அதுல ஒண்ணும் புரியாது."

புரியாவிட்டாலும் பார்த்தது பார்த்ததுதான். இதைத்தான் முதலில் நினைக்கிறேன், என் மனசு எப்படிப்பட்டது பாருங்கள், ஒரு மனுஷன் கண் போகிறது என்கிறான், நான் அவன் மனைவி கையெழுத்துப் போட்டிருக்கிறாளா, ரகசியம் காப்பேன் என்று யாருக்கு வாக்குக் கொடுத்தாள் என்று யோசிக்கிறேன். ஆனால் அதை யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதுவும் ரத்தப் பை. ஒருத்தி வாசித்து ஒருத்தன் கேட்டு, ஓ பாசிட்டிவ் என்பது ஓ நெகட்டிவ் என்று காதில் விழுந்தால்? இல்லை, சோதனை இருக்கிறது, யார் எழுதுவதையும் இன்னொருவர் பார்த்துத்தான் உள்ளே விடுகிறோம், அவனுடையதில் இதுவரை ஒன்றும் தவறியதில்லை, மற்றவர்களுடையதில் தவறியிருக்கிறது, என்னுடையதில் தவறியிருக்கிறது. "அக்கா, எனக்கு மட்டும் பழைய சாவிய விட்டு வைக்க முடியாதா?" என்கிறான். முடியும். அதுதான் பயங்கரம். என்னால் முடியும், ஒரே ஒரு வரி, ஒரே ஒரு விலக்கு, யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஆறு மாதம் கழித்துத் தெரியும். விரல் விசைப்பலகை மேலேயே இருக்கிறது. நல்ல மனுஷி என்றால் போட்டுவிடுவாள். போட்டுவிட்டு ராத்திரி தூங்குவாளா? நான் தூங்க மாட்டேன், பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து வந்து இழுத்துப் பார்ப்பேன், அது திறந்தேதான் கிடக்கும், நான்தான் திறந்து வைத்தது என்று எனக்குத் தெரியும். அந்த வழியாக ஒருநாள் வேறு எவனாவது வந்தால் முதலில் மாட்டுகிறது காஜாதான், அவன் பெயரில்தானே திறந்திருக்கும். கண்ணாடி அறையில் பிரசன்னா எழுந்து நிற்கிறார். வேறு வழி இருக்கிறது. எண்ணைப் படிக்கவே வேண்டாம், ஃபோனில் விரலை வைத்தால் போதும் என்று இன்னொரு வழிமுறை அதே இடத்தில் இருக்கிறது, நான்தான் மூடி வைத்தேன், இரண்டு வழி இருந்தால் இரண்டையும் காவல் காக்க வேண்டுமே என்று சோம்பல்பட்டு மூடினேன். யார் யாருக்குப் படிக்க முடியாது என்று என் மனசில் ஒருவர்கூட வரவில்லை. அதைத் திறக்கலாம். திறக்க பிரசன்னா சம்மதிக்க வேண்டும், காரணம் கேட்பார்.

"காஜா, விரல் வச்சு உள்ள வர்ற மாதிரி பண்ணலாம். ஆனா காரணம் சொல்லணும்." "நெட் பிரச்சினைன்னு..." "பொய் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டேன், இவ்வளவு வெட்டாகச் சொல்லியிருக்க வேண்டாம். "ஒண்ணு நீங்க சொல்லுங்க, இல்ல நான் சொல்லுதேன். நீங்க சொன்னா நல்லது. உங்க வாயால சொன்னா நல்லது." "வேலை போயிரும்கா." போகலாம். போகாது என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை, எனக்குத் தெரியாததைச் சொல்லி என்ன பிரயோஜனம். "போகவும் செய்யலாம்" என்கிறேன். "இன்னிக்கு லாக் ஆனா திருடன்னு போவீங்க. அதுக்கு இது மேல்." காற்று அந்த பிளெக்ஸை முழுசாகப் பிய்த்துவிட்டது போல, தட் தட் நின்றுபோயிருக்கிறது. அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், அவள், "சொல்லிருங்களேன், எத்தன நாளைக்கு நான் கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கது" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. பிறகு அவன், "கூப்பிடுங்கக்கா அவர" என்கிறான்.

பிரசன்னாவின் அறையில் நின்றுகொண்டே இருக்கிறேன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திரையில் கா என்கிற வட்டம். வட்டம் மறைந்து முகம் வருகிறது. தாடி வளர்ந்திருக்கிறது, மெலிந்திருக்கிறான், கண் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குக் கொஞ்சம் இடது பக்கம் யாரோ இருப்பது போல அங்கே பார்க்கிறது, ஒரு கை வந்து லேப்டாப்பைத் திருப்பி அவன் பார்வைக்கு நேராக வைக்கிறது, வளையல் போட்ட கை. பிரசன்னா அந்தக் கையைத்தான் பார்க்கிறார். காஜா எல்லாவற்றையும் சொல்கிறான், சுருக்கமாக, மீட்டிங்கில் வேலை நிலவரம் சொல்கிற அதே தொனியில். "எவ்வளவு நாளா இப்படி?" "குறைய ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் சார். டைப் பண்ண முடியாமப் போனது போன நோன்புக்கு முன்னால." "ஏங்க, அவங்க நம்ம கோட முழுசாப் பாத்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரிஞ்சா என் கழுத்துக்குக் கத்தி. இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" "தெரியும் சார்." "தெரிஞ்சுமா?" "ஸ்கிரீன்ல இருக்கத வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் இருக்கு சார். கேட்டு எழுதப் பழகிட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்ல தனியா வந்துருவேன்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க கதவ மாத்திட்டீங்க." அவன் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறான், எனக்கு மட்டும் காது சுடுகிறது. பிரசன்னா பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். அவர் நெற்றியில் வேர்வை, இந்த ஏசியில். இவருக்கும் பயம், எனக்கு இப்போதுதான் தெரிகிறது, இவரும் வீட்டுக்கு லோன் கட்டுகிறவர், இவருக்கும் மேலே ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. "நா மறைக்கப் போறதில்ல காஜா" என்கிறார் கடைசியில். "ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் நம்ம மேலிடத்துக்கும் இன்னிக்கே நானே சொல்லிருவேன். அவங்க என்ன சொல்றாங்களோ எனக்குத் தெரியாதுங்க. ஆனா உங்க வேலையில தப்பில்லைன்னும் சொல்வேன், அது உண்மை. இப்ப உங்க வீட்டம்மா ரூம விட்டு வெளிய போகட்டும். கோமதி, விரல் முறையத் திறந்து விடுங்க. தனியா உள்ள வர முடிஞ்சா வரட்டும்."

முடிந்தால். வளையல் கை விலகுகிறது, நாற்காலி நகர்கிறது, கதவு சாத்துகிற சத்தம். நான் என் இடத்துக்கு ஓடி அந்த முறையைத் திறக்கிறேன், ஹெட்ஃபோனை மாட்டுகிறேன். பிரசன்னா லைனிலேயே இருக்கிறார், மைக்கை மூடிக்கொண்டு. "அக்கா, எங்க இருக்கேன் இப்ப?" என்கிறான். "லாகின் பக்கத்துல. டேப் அடிங்க." அவன் கம்ப்யூட்டர் ஒரு குரலில் படபடவென்று வாசிக்கிறது, எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகம், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். "இன்னொரு டேப். எண்ணுங்கிறது வேண்டாம், அதுக்கு அடுத்தது." "விரல்னு சொல்லுது." "அதான். என்டர்." ஃபோனைத் தேடுகிறான், மேஜை மேலே கை தடவுகிற சத்தம், ஏதோ விழுகிறது, தண்ணீர் பாட்டிலாக இருக்கும், வலது பக்கம் பாருங்கள் என்று சொல்ல வந்து விழுங்கிக்கொள்கிறேன், எனக்கு என்ன தெரியும் அவன் மேஜையைப் பற்றி. கிடைத்துவிட்டது. விரல் வைக்கிறான். சிவப்பு. "வேர்வைக்கா" என்கிறான். சட்டையில் துடைக்கிறான் போல. மறுபடி வைக்கிறான். வெளியே போயிருக்கிறான், அந்த வெளியிடத்தில் அவனைப் பார்க்கிறார்கள், நீ யார் என்கிறார்கள், சீட்டு எழுதுகிறார்கள், திருப்பி அனுப்புகிறார்கள், நான் அடித்துக் கொடுத்த முகவரிக்கு, வா, வா, வந்து சேர். பச்சை.

நான் பிரசன்னாவின் அறைப் பக்கம் திரும்பவில்லை. காஜாவின் வொர்க்ஸ்பேஸ் திறந்துகொள்கிறது, அந்த வேகக் குரல் அவனுக்கு அவன் கோடை வாசிக்கிறது, அவன் அதை நிறுத்துகிறான், பின்னால் போகிறான், மறுபடி வாசிக்க விடுகிறான். ஒரு வரி. அதில் எங்கேயோ நின்று, ஒவ்வொரு எழுத்தாக, தயங்கித் தயங்கி அடிக்கிறான், அடித்ததைக் கேட்டு அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறான். கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் இருக்கிற மாதிரி நானும் பிரசன்னாவும் சத்தமில்லாமல் இருக்கிறோம். நேரமாகிறது. லைனைத் துண்டிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது அந்தப் பக்கம் கதவை மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்கிறது, ரஹ்மத்தின் குரல், கதவுக்கு வெளியிலிருந்து, "என்னங்க, முடிஞ்சிட்டா? உள்ள வரட்டா?" என்கிறது. அவன் அடிப்பதை நிறுத்தவில்லை.

"இரு ரஹ்மத்" என்கிறான். "வேலை பாத்துக்கிட்டிருக்கேன்."